பின்னால் வருகிறவர்

வேலை முடிந்து சனிக்கிழமை விடிய வீட்டுக்கு வருகிறவன் என்ன செய்வான்? சப்பாத்தைக் கழற்றி ஒரு மூலையில் எறிந்துவிட்டு, கட்டிலோ சோபாவோ, கண்ட இடத்தில் விழுந்து படுப்பான். கியூபெக்கில், வில்லரேயில் இருக்கிற ஹென்றிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் வேலைச் சப்பாத்தைக் கழற்றி, மற்றச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பல்கனியில் கட்டி வைத்த சைக்கிளைப் படியால் இறக்குவான். அதுவும் வளைந்து வளைந்து இறங்குகிற இந்த ஊர் வெளிப்படி. எந்தப் புண்ணியவான் அதைக் கண்டுபிடித்தானோ, அவன் தன் வாழ்நாளில் ஒரு சைக்கிள் தூக்கியிருக்க மாட்டான்.

டவுன்டவுனில் கண்ணாடிக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கிற இரவு வேலை அவனுக்கு. கிழமையில் ஐந்து இரவும் மற்றவர்களுடைய மேசைகளுக்குக் கீழே குனிந்து, மற்றவர்கள் குடித்து வைத்த கோப்பிக் கப்புகளைப் பொறுக்கி, மற்றவர்களுடைய கைரேகைகளைக் கண்ணாடியில் இருந்து துடைக்க வேண்டும். மன்னாரில் இருந்து வந்த காலம் தொட்டு இதே வேலைதான். கொம்பனிகளின் பெயர் மாறியது, வாளியும் தும்புக்கட்டையும் மாறவில்லை. ஐம்பது தாண்டிய உடம்பு. இடுப்பில் நாரிப் பிடிப்பு, கொஞ்சம் வாய்வு, மெட்ரோவில் இருந்தால் அடுத்த ஸ்டேசனுக்குள் தலை தொங்கிவிடும். கிழமை முழுக்க அவன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒரு சனிக்கிழமை, ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, மத்தியானம் தாண்டியும் எழும்பாமல் கிடக்க வேண்டும். அது நடக்காததற்குக் காரணம் தியாகலிங்கம்.

தியாகலிங்கம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், ஹென்றியை விடப் பத்து வயதாவது மூப்பு. சரியான றோசக்காரர். அவருடைய மனைவி சிவமலரும் ஹென்றியின் மனைவி இமெல்டாவும் ஒரே கார்டெறியில், அதுதான் பிள்ளை பராமரிக்கிற இடத்தில், பிள்ளைகளுக்குச் சமைத்தவர்கள். மூன்று வருடத்துக்கு முன்னம் சிவமலர் திடீரென்று செத்துப் போனா. ஒரே மகள் சாம்பவி டொரண்டோவில் கலியாணம் கட்டிப் போய்விட்டாள். சிவமலரின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து, சீலையைக்கூட மாற்றாமல் இமெல்டா புருசனைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசன் அந்த வீட்டுக்குள்ளை தனியக் கிடந்தால் இன்னொரு செத்தவீடுதான் நடக்கும். சனி ஞாயிறிலை உங்கடை சைக்கிள் கூட்டத்தோடை கூட்டிக்கொண்டு போங்கோ."

சைக்கிள் கூட்டம் என்றால் ஏதோ கொடி பிடித்துப் போகிற கூட்டம் இல்லை. ஹென்றியும் றெக்ஸும்தான். றெக்ஸ் சேர்ச்சில் பாட்டுக்கு நிற்கிறவன், பஸ் ஓடுகிறவன், வாய் மூடாதவன், சைக்கிளும் கூடாரமும் என்றால் பைத்தியம். கோடையில் ஒரு தரம் இரண்டு தரம் அவனோடு ஹென்றியும் போய் வருவான். அது விளையாட்டு. தியாகலிங்கம் சேர்ந்த பிறகு அது கடமையாகிப் போனது. பனி கரைந்த நாள் தொட்டு இலை கொட்டும் மட்டும், மழை இடி தவிர மற்ற எல்லா சனிக்கிழமையும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹென்றி வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம் பார்த்து போன் அடிக்கும்.

"ஹென்றி, நாளைக்கு வாறீர்தானே?"

"ஓம் அண்ணை."

வேறு என்ன சொல்வது? பாவம், மனுசன் கிழமை முழுக்க இதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பான். நினைத்து, பெருமூச்சு விட்டு, பஸ்ஸுக்கு ஓடுவான்.

சைக்கிளில் போகிற ஒழுங்கும் எப்போதும் ஒன்றுதான். றெக்ஸ் முன்னால் பறந்துவிடுவான். நடுவில் ஹென்றி. தியாகலிங்கம் கடைசி. ஹென்றி எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவர் முந்த மாட்டார். ஹென்றி இன்னும் மெதுவாக்குவான், அவரும் மெதுவாக்குவார். வயது போன மனுசன், சீனி வருத்தமும் இருக்கு, ஏலாமல்தான் பின்னால் வருகிறார் என்று ஹென்றி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போவான். குழந்தைப் பிள்ளைகள் மூன்று சில் சைக்கிளில் அவர்களை முந்திப் போவார்கள். அவருடைய ஹான்டிலில் ஒரு சின்னச் சிவப்புப் பை தொங்கும். கக்கூசுக்குப் போனாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். சீனி மருந்தாக்கும் என்று ஹென்றி கேட்கவில்லை. ஒரு மனுசனின் வருத்தத்தை எல்லாம் கிண்டிக் கேட்பது மரியாதை இல்லையே.

"களைப்போ ஹென்றி? கொஞ்சம் இருப்பமோ?" என்று அவர் பின்னால் இருந்து கேட்பார்.

தனக்குக் களைப்பு என்று சொல்ல வெட்கப்பட்டு என் தலையில் போடுகிறார் என்று ஹென்றி நினைப்பான். "ஓம் அண்ணை, இருப்பம்" என்பான். இருவரும் இறங்கி ஓரமாக இருப்பார்கள். எங்கோ முன்னால் றெக்ஸ் காத்திருந்து காத்திருந்து வெறுத்துப் போவான்.

இந்த வருடம் ஆவணி முடிகிற அந்த வெள்ளி இரவு, கட்டடத்தின் கடைசி மாடியில் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே ஹென்றி நித்திரையாகிப் போனான். கூட வேலை செய்கிற ஹெயிட்டிக்காரி தோளில் தட்டி எழுப்பினாள். அப்போதுதான் முடிவெடுத்தான். இந்தப் பயணத்தோடு சரி. சொல்லிவிட வேண்டும். முதல் மெட்ரோவில் வரும்போது வசனத்தையும் சரிப்படுத்தினான். "அண்ணை, எனக்கு இனி ஏலாது." அவ்வளவுதான். நாலு சொல். அதைக் கேட்டு மனுசன் உடைந்து போனால்? திரும்பவும் அந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பிடாமல் கொள்ளாமல் கிடந்தால்? அந்தப் பயம்தான் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அவன் வாயைக் கட்டியது.

அன்றைக்கு ஓக்காவுக்குப் போய்க் கூடாரம் அடிப்பதாக ஏற்பாடு. போகிற வழியில் லசீன் கால்வாய்க் கரையில் சொல்லலாம் என்று பார்த்தான். காற்று எதிர்த்து அடித்தது, கத்திச் சொல்கிற விசயமா அது. ஏரிக்கரை நெடுகப் போய், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் படகுகளை ஏற்றி இறக்குகிற நீர்க்கதவுப் பக்கம் ஒரு மர வாங்கில் மூவரும் இருந்தபோது, வாயைத் திறந்தான்.

"அண்ணை…"

"முதல் சாப்பிடும்," என்று தியாகலிங்கம் அவித்த முட்டை ஒன்றைக் கோது உரித்து, உப்புத் தூள் தடவி நீட்டினார். "முகம் வெளிறிப் போய்க் கிடக்கு."

ஒரு மனுசன் முட்டை உரித்துத் தந்து, நீ தின்னுகிறாயா என்று பார்த்துக்கொண்டு இருக்கும்போது, உன்னோடு இனி வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஹென்றி முட்டையோடு வசனத்தையும் சேர்த்து விழுங்கினான்.

"நீங்கள் ரெண்டு பேரும் இப்பிடியே உழக்கினால் மார்கழி நத்தாருக்குத்தான் ஓக்காவுக்குப் போவம்," என்றான் றெக்ஸ். "அண்ணை, நீங்கள் முன்னுக்குப் போங்கோவன். இவன் பின்னாலை வரட்டும்."

"இல்லை இல்லை," என்றார் தியாகலிங்கம் அவசரமாக. "எனக்குப் பின்னுக்குத்தான் வசதி."

பாலங்களைக் கடந்து, கார் ஏற்றுகிற மிதவைப் படகில் ஆற்றைத் தாண்டி, ஓக்காவில் கூடாரம் அடிக்கப் பொழுது சாய்ந்தது. றெக்ஸ் வழமைபோல குழல்புட்டு அவித்தான். ஆம், காம்பிங் என்றால் உலகம் முழுக்க சொசேஜ் சுடும், எங்கடை ஆட்கள் புட்டுக் குழலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார்கள். பக்கத்துக் கூடாரத்துக் கியூபெக் குடும்பம் அந்த ஆவியைப் பார்த்து ஒருதரம் பயந்தே போனது. மழை தூறியது. ஹென்றி தனக்குள் இன்னொரு தரம் தவணை போட்டான். விடியச் சொல்வோம்.

ஞாயிறு விடிய மழை விட்டிருந்தது. றெக்ஸ் ஏரியில் குளிக்கப் போய்விட்டான். ஹென்றி பைப்படிக்குப் போய் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, இந்த முறை சொல்லியே தீருவது என்று வசனத்தை முணுமுணுத்தபடி வந்தான். கூடாரத்துக்கு அந்தப் பக்கம் தியாகலிங்கம் போனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, ஸ்பீக்கரில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மப்பா, டுடே வாறீங்களா?" என்றது ஒரு மழலைக் குரல்.

"வாறன் குஞ்சு, வாறன்."

"பொய் சொல்லாதேங்கோ அப்பா." அது சாம்பவி. "பிள்ளைக்கு ரெண்டு வயசாகப் போகுது. உங்களுக்கெண்டு கீழ் றூமுக்குப் பெயின்ற் அடிச்சு வைச்சுக் கிடக்கு. நடக்கத் தொடங்கினதையும் நீங்கள் போனிலைதான் பாத்தியள். இன்னும் ஹென்றி மாமா, ஹென்றி மாமா எண்டு கொண்டு நிக்கிறியள். அவர் என்ன சின்னப் பிள்ளையே?"

"அவருக்கு நெஞ்சு வருத்தம், பிள்ளை. நான் கூப்பிடாட்டில் அவர் சைக்கிளைத் தொடவே மாட்டார். அம்மாவின்ரை முப்பத்தொண்டு அண்டைக்கு இமெல்டா என்ரை கையைப் பிடிச்சு அழுதவ. உங்களை நம்பித்தான் அண்ணை தாறன், தனியப் போகமாட்டார், டொக்டர் சைக்கிள் ஓடச் சொல்லியிருக்கிறார் எண்டு. ஒருதரின்ரை உயிர். நான் எப்பிடி விட்டிட்டு வாறது?"

"மூண்டு வருசமாச்சப்பா."

"இந்த ஒரு வருசம் பாப்பம்."

ஹென்றி தண்ணீர்க் கானோடு அப்படியே நின்றான். கான் கை நரம்பை இழுத்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை. நெஞ்சு வருத்தமாம். அவனுக்கு இருந்தது வாய்வு. இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்தால் போய்விடும்.

கள்ளி. இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறாள். புருசனிடம் அவரைக் காப்பாற்று என்று, அவரிடம் புருசனைக் காப்பாற்று என்று. முதலில் ஹென்றிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவளைக் குறை சொல்லவும் வழியில்லை. அந்த றோசக்காரரிடம் போய், உங்களுக்கு ஒரு துணை வேணும் அண்ணை என்றால் கதவை முகத்தில் சாத்தியிருப்பார். எங்களுக்கு ஒரு உதவி செய்யுங்கோ என்றால் மறுக்கமாட்டார். எங்கடை ஆட்களுக்கு உதவி செய்யத் தெரியும், வாங்கத்தான் தெரியாது. அதற்காக மூன்று வருடம் நீளும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். பிறகு மறந்தும் இருப்பாள், அவளுக்கு என்ன, அவள் சனிக்கிழமை நன்றாக நித்திரை கொள்கிறாள்.

பேத்தி நடக்கத் தொடங்கியதை அந்த மனுசன் போனில் பார்த்தார் என்ற ஒரு விசயம்தான் ஹென்றிக்கு ஆறவில்லை. தன்னுடைய நித்திரை போனது போகட்டும். நித்திரையைப் பிறகும் கொள்ளலாம்.

அவன் வந்து காஸ் அடுப்பைப் பற்ற வைத்தான். தியாகலிங்கம் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஆரண்ணை, சாம்பவியோ?"

"ஓம். பேத்தி கதைச்சவ."

"வரச்சொல்லிக் கேக்கினம் போலை."

"அவை எப்பவும் கேக்கிறதுதானே. போகலாம். இஞ்சை கொஞ்சம் அலுவல் கிடக்கு."

அந்த அலுவல் யார் என்று இப்போது ஹென்றிக்குத் தெரியும். உண்மையைச் சொல்லலாம். அண்ணை, நான்தான் உங்களுக்காக வந்தேன், எனக்கு நெஞ்சு கல்லுப் போலத் திடமா இருக்கு என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? இந்த மனுசன் மகளையும் பேத்தியையும் விட்டுவிட்டு மூன்று கோடை காவல் கிடந்தது ஒரு சுகதேகிக்கு என்று ஆகும். அதுவும் தன்மேல் இரக்கப்பட்டு ஊரே சேர்ந்து ஆடின நாடகம் என்று ஆகும். அதை அவர் தாங்கமாட்டார். ஹென்றி தேத்தண்ணியை ஊற்றி அவர் கையில் கொடுத்தான்.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. கோவிக்கக் கூடாது."

"சொல்லும்."

"போன மாசம் டொக்டரிட்டைப் போனனான். வயரெல்லாம் பூட்டி ஓட விட்டுப் பாத்தவை. நெஞ்சிலை ஒண்டுமில்லையாம். முழுக்கச் சுகமாம். சைக்கிள் ஓடினதாலைதான் மாறினது எண்டவர்."

தியாகலிங்கம் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவனையே பார்த்தார். "உண்மையாவோ?"

"மாதாவாணை."

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கும் போகாமல், மாதாவின் பெயரில் பொய். மாதா மன்னிப்பா என்று ஹென்றி நம்பினான்.

"ஐசே, உந்த விசயத்தை ஏன் ஒரு மாசமாச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் ஓடுறதை விட்டிடுவியளோ எண்டு…"

"விட்டிருப்பன்தான்." தியாகலிங்கம் கோப்பையைப் புல்லில் வைத்தார். அவருடைய தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. "உமக்குச் சொன்னால் என்ன. எனக்கு இந்தக் கூடாரத்துக்குள்ளை ஒருநாளும் நித்திரை வந்ததில்லை. நாரி ரெண்டாப் பிளக்கும். சனிக்கிழமை எண்டாலே எங்கையாவது ஒளிப்பமோ எண்டிருக்கும். களைச்சுப் போனன், ஹென்றி. சரியாக் களைச்சுப் போனன்."

எனக்கும் அண்ணை, எனக்கும் என்று ஹென்றியின் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அப்ப நீர் ஏன் வந்தனீர் என்று கேட்பார். அவன் சூட்டோடு சூடாகத் தேத்தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டான்.

"அப்ப டொரண்டோவுக்குப் போங்கோ."

"போகத்தான் வேணும். சிவமலர் இருந்தால் என்னைத் திண்டிருப்பா." அவர் எழும்பிப் போய் ஹான்டிலில் இருந்த சிவப்புப் பையைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தார். "இனி இதை நீரே வைச்சிரும்."

ஹென்றி ஸிப்பைத் திறந்தான். நெஞ்சு நோவுக்குக் கொடுக்கிற அஸ்பிரின் போத்தல் ஒன்று, சீல் உடைக்காதது, இந்த வருடம் வாங்கியது. நாலைந்து டொபி. ஒரு விசில், கயிறு கட்டினது.

"விசில் என்னத்துக்கண்ணை?"

"நீர் எங்கையும் விழுந்திட்டால் றெக்ஸைக் கூப்பிட. அவன் எப்பவும் முன்னுக்குப் போயிடுவான், கத்தினால் கேக்காது." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "அதுதான் நான் உமக்குப் பின்னுக்கே வந்தது. முன்னுக்குப் போனால் நீர் விழுறது தெரியாதே."

ஹென்றி எழும்பி, தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நிரம்பிய கானோடு பைப்படிக்குப் போய் அங்கே நின்று அழுதான். குளித்துவிட்டு வந்த றெக்ஸ், "கண்ணிலை சோப்போ மச்சான்?" என்றான். ஹென்றி ஓம் என்று தலையாட்டினான்.

திரும்பி வரும்போது மிதவைப் படகில் இருந்து இறங்கின உடனேயே தியாகலிங்கம் முன்னுக்குப் போனார். சும்மா போகவில்லை, பறந்தார். ஹென்றியை முந்தினார், றெக்ஸையும் முந்தினார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நிற்கவும் இல்லை. "அண்ணைக்கு என்னடா நடந்தது, பேய் பிடிச்சதோ?" என்று கத்திக்கொண்டு றெக்ஸ் துரத்திப் போனான். அந்தப் பெரிய முதுகு நிமிர்ந்தபடி, கால்கள் ஒரே சீராக உழக்கியபடி போவதை ஹென்றி பார்த்தான். மூன்று வருடமாக அந்த மனுசன் இந்த வேகத்தைக் காலுக்குள் அடக்கி வைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் ஊர்ந்திருக்கிறார். அவனோ அவருக்காகத்தான் மெதுவாகப் போவதாக நினைத்திருந்தான்.

எட்டிப் பிடிக்கலாம் என்று எழும்பி நின்று உழக்கினான். ஏரிக்கரை முழுக்க உழக்கினான். இடைவெளி கூடியதே தவிரக் குறையவில்லை. அவனுக்கு உண்மையாகவே அவ்வளவுதான் ஏலும். ஐந்து இரவு வேலை, ஈரக் கூடாரம், விடிய அழுத அழுகை, எல்லாம் சேர்ந்து முழங்காலில் வந்து இறங்கின. லசீன் கால்வாய்க்கு வந்தபோது தியாகலிங்கத்தின் மஞ்சள் ஹெல்மெட் தூரத்தில் ஒரு பொட்டாகத் தெரிந்தது. அவர் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹென்றி பழக்கத்தில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பாதை வெறுமையாகக் கிடந்தது.

சைக்கிளை நிறுத்தினான். மூச்சு இளைத்தது. சிவப்புப் பையில் இருந்து விசிலை எடுத்து வாயில் வைத்தான். ஊதினால் போதும், அவருக்குக் கேட்கும். அந்த இடத்திலேயே பிரேக் அடித்து, திரும்பி, இதைவிட வேகமாக வருவார். வந்தால் டொரண்டோ இல்லை. அடுத்த வெள்ளி பின்னேரமும் போன் அடிக்கும். அது அடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது, வெட்கம் கெட்ட ஆசை.

விசிலை வாயில் இருந்து எடுத்துப் பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தான்.

"அண்ணை, எனக்கு இனி ஏலாது," என்று சொன்னான். மூன்று வருடமாகச் சொல்ல நினைத்தது, கேட்கத்தான் ஆள் பக்கத்தில் இல்லை. பிறகு ஒரு டொபியை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, மெல்ல வீட்டை நோக்கி உழக்கினான்.